உபகாரியின் கையெழுத்து

ஐந்தாம் வகுப்பு முடித்த ஒன்பது பெண்களை அந்தப் பள்ளிக்கூடத்துப் புல்தரையில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஒன்பது பேரும் கொடைக்கானலுக்கும் மேலே, மேல்மலைக் கிராமங்களிலிருந்து நடந்து வந்தவர்கள். எங்களுக்கு எதிரே பிரம்பு நாற்காலிகளில், சீசனுக்கு மலையேறி வந்த பணக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் தேநீரும் கேக்கும் கொடுத்தார்கள். எங்களைக் கையை நீட்டச் சொன்னார்கள். ஒரு டீச்சர் ஒவ்வொருத்தியின் நகத்தையும் பார்த்துக்கொண்டே வந்தார். இன்னொருத்தர் தலைமுடியைப் பிரித்துப் பேன் இருக்கிறதா என்று பார்த்தார். எனக்கு அப்போது பதினொரு வயது. சந்தையில் மாட்டின் வாயைத் திறந்து பல் பார்ப்பதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். அங்கே என்ன நடக்கிறது என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பள்ளி இப்போது இல்லை. அதில் பாதிப் பேர் சம்பளம் கட்டிப் படிக்கும் பெண்கள். மீதிப் பேர் எங்களைப் போல வழியில்லாதவர்கள். எங்களுக்காக ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். வசதியுள்ளவர் யாராவது ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டு, அவள் பள்ளிப் படிப்பு முடியும்வரை ஆகும் செலவு எல்லாவற்றையும் கட்டுவதாக அச்சடித்த பத்திரத்தில் கையெழுத்துப் போடுவார். அவருக்கு உபகாரி என்று பெயர். ‘உன் உபகாரி யார்?’ என்றுதான் விடுதியில் புதுப் பெண்களை முதலில் கேட்பார்கள். அப்பன் பேரை அதற்குப் பிறகுதான் கேட்பார்கள்.

எனக்கு அப்பா இல்லை. நெஞ்சுச்சளி வந்து முந்தின வருடம் போய்ச் சேர்ந்திருந்தார். மலைச்சரிவில் ஐந்து படிகளாக இறங்கும் பூண்டுக் காடும் ஒரு பசுவும் அம்மாவும் நானும்தான் மிச்சம். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார்தான், இந்தப் பெண் ஐந்தோடு நிற்கக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லி இந்த வரிசையில் கொண்டுவந்து நிறுத்தினார்.

நாற்காலிகளில் ஒன்றில் சமவெளியில் நூல் ஆலை வைத்திருந்த ஒரு முதலாளியும் அவர் மனைவியும் இருந்தார்கள். அந்த அம்மாளின் மடியில் ஆறேழு மாதப் பெண் குழந்தை. அது விடாமல் கத்தியது. ஆயா வாங்கினாள், டீச்சர் வாங்கினார், முதலாளியே எழுந்து நின்று குலுக்கினார். நிற்கவில்லை. வரிசையின் கோடியில் நின்ற நான், யாரும் சொல்லாமலேயே போய்க் கையை நீட்டினேன். ஏன் நீட்டினேன் என்று எனக்குத் தெரியாது. குழந்தை அழுதால் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. என் தோளில் சாய்ந்ததும் அது அடங்கிவிட்டது.

“இவளையே எடுத்துக்கலாங்க,” என்றாள் அந்த அம்மாள்.

அப்படித்தான் எனக்குப் படிப்பு கிடைத்தது. ஊர்ப் பள்ளியில் நான்தான் முதல். வாத்தியார் என் கணக்கு நோட்டையும் கையெழுத்து நோட்டையும் உறை போட்டுக் கொடுத்தனுப்பியிருந்தார். அவற்றை அங்கே யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

முதலாளி பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். அடியில் அம்மாவின் கட்டைவிரலை மையில் அமுக்கி உருட்டினார்கள். சாட்சியாகப் பெரிய டீச்சர் கையெழுத்துப் போட்டார். பள்ளித் தலைமையாசிரியையை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அம்மா விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: “ஏ புள்ள, அவுக என்ன சொன்னாலும் தட்டாமச் செய்யி. அவுக தயவுல கெடக்கோம்.”

தயவு என்ற சொல்லை அன்றிலிருந்து ஆறு வருடம் கேட்டேன்.

ஒவ்வொரு தவணையிலும் உபகாரிகளுக்கு நன்றிக் கடிதம் எழுத வேண்டும். டீச்சர் கரும்பலகையில் இங்கிலீஷில் எழுதிப்போடுவார். நாங்கள் பார்த்து எழுதுவோம். தங்கள் கருணையால் நலமாக இருக்கிறேன், தங்களுக்காகத் தினமும் பிரார்த்திக்கிறேன், தங்கள் காலடியில் என் வணக்கங்கள். மூன்றாம் பாரத்தில், அதாவது எட்டாம் வகுப்பில், எனக்கு டைபாய்டு வந்து முடியெல்லாம் கொட்டியிருந்தது. அந்தத் தவணையும் நலமாக இருக்கிறேன் என்றுதான் எழுதினேன். காய்ச்சல் என்று ஒரு வரி சேர்த்ததைப் பெரிய டீச்சர் அடித்துவிட்டு, “உன் கஷ்டத்தைச் சொல்லி அவங்களைச் சங்கடப்படுத்தக் கூடாது” என்று வேறு தாள் கொடுத்தார்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மே மாதத்தைத்தான் பொறுக்க முடியவில்லை.

முதல் பாரம் முடிந்த கோடை விடுமுறையில், ஊருக்குக் கிளம்பப் பெட்டியைக் கட்டிவிட்டேன். முதலாளியின் பங்களாவிலிருந்து ஆள் வந்தது. குழந்தை என்னைத் தேடுகிறதாம், பத்து நாள் இருந்துவிட்டுப் போகட்டுமாம். ஒன்றரை வயதுக் குழந்தை, ஒரே ஒரு தடவை தூக்கின என்னை எப்படித் தேடும்? பெரிய டீச்சர் என்னைக் கேட்கவேயில்லை. “போயிட்டு வா, இதெல்லாம் உனக்கு ஒரு பாக்கியம்” என்றார். பத்து நாள் இரண்டு மாதமாயிற்று. அடுத்த வருடத்திலிருந்து பத்து நாள் என்ற பேச்சும் இல்லை. பரீட்சை முடிந்ததும் ஆள் வந்துவிடும்.

பங்களாவில் சாமான் அறையில், உருளைக்கிழங்குச் சாக்குகளுக்குப் பக்கத்தில் எனக்குப் பாய். காலையில் வெள்ளனே எழுந்து குழந்தைக்குப் பால் காய்ச்சுவது, குளிப்பாட்டுவது, ஏரிக்கரைக்குத் தள்ளுவண்டியில் கூட்டிப்போவது, துணி அலசுவது, எல்லாம் நான். ஆயாவைக் கோடைக்குக் கூட்டிவருவதை நிறுத்திவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இரண்டாவது வருடமே புரிந்துவிட்டது. ஆயாவுக்குக் கூலி கொடுக்க வேண்டும். எனக்குத்தான் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டதே.

விருந்தாளிகள் வந்தால் என்னை முகம் கழுவி வரச் சொல்வார்கள். “நாங்க படிக்க வைக்கிற பிள்ளை” என்று அந்த அம்மாள் அறிமுகம் செய்வாள். இங்கிலீஷில் ஒரு பாட்டுச் சொல்லச் சொல்வார்கள். சொல்வேன். கைதட்டுவார்கள். பிறகு அதே கையோடு தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போவேன். ஒரு தடவை ஒரு விருந்தாளி சிரித்துக்கொண்டே கேட்டார்: “இப்படியே எல்லாரையும் படிக்க வச்சா நாளைக்கு வேலைக்கு ஆள் எங்க போறது?” முதலாளியும் சிரித்தார். “நம்ம பிள்ளை அப்படியெல்லாம் போகாது” என்றார். நான் தட்டுகளைக் கீழே போட்டிருக்க வேண்டும். போடவில்லை. பத்திரமாகக் கொண்டுபோய்க் கழுவி வைத்தேன். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு அவர்கள் மேல் வருகிற கோபத்தில் ஒரு பங்கு, அந்தத் தட்டுகளைக் கழுவி வைத்த என் மேலேயே திரும்புகிறது.

குழந்தையின் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. அது என்னை ‘அக்கா’ என்று கூப்பிட்டது. அந்த வீட்டில் என்னை ஏதோ ஓர் உறவு வைத்துக் கூப்பிட்டது அது மட்டும்தான்.

நான்காம் பாரம் முடிந்த கோடையில் அவர்களுக்கு இரண்டாவது குழந்தை, ஆண். அதைக் குளிப்பாட்ட வெந்நீர் அண்டாவைத் தூக்கிவந்தபோது கால் இடறி, இடது முன்கையில் முழுக்கக் கொட்டிக்கொண்டேன். நான் போட்ட சத்தத்தில் அந்த அம்மாள் ஓடிவந்தாள். முதலில் தொட்டிலைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். “முதல்ல தரையைத் துடை, யாராவது வழுக்கி விழப்போறாங்க” என்றாள். துடைத்தேன். சமையற்காரர்தான் தேங்காயெண்ணெய் தடவி, வாழை இலை நறுக்கிச் சுற்றிவிட்டார். தோல் உரிந்து ஆறுவதற்குள் பள்ளி திறந்துவிட்டது.

அந்தக் கையை அம்மா மார்கழி விடுமுறையில்தான் பார்த்தாள். அப்போதெல்லாம் எங்கள் ஊருக்குப் பஸ் கிடையாது. பூண்டு மூட்டை ஏற்றி வந்த மட்டக்குதிரைகள் திரும்பும்போது அவற்றோடு நானும் நடந்து, பொழுது சாய வீடு சேர்வேன். அன்று கைகால் கழுவத் தண்ணீர் ஊற்றியவள் அப்படியே நின்றாள். என் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எப்படி என்று கேட்டாள். சொன்னேன். தரையைத் துடைத்ததையும் சொன்னேன். சோறு போட்டாள்.

ஐந்தாம் பாரத்துப் பரீட்சை முடிந்த அன்று பங்களாவின் ஆள் வருவதற்கு முன்பே அம்மா பள்ளி வாசலில் இருந்தாள். என்னைக் கூட்டிக்கொண்டு நேராகப் பங்களாவுக்கே போனாள். முன்வாசல் வழியாகத்தான் போனாள். முதலாளியும் அந்த அம்மாளும் வெளியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார்கள்.

“இந்த வருசம் பிள்ளைய அனுப்ப முடியாதுங்கம்மா,” என்றாள் அம்மா. “பூண்டு ஊனணும். சோலி நெறையக் கெடக்கு. எனக்கு வேற ஆளில்ல.”

“ரெண்டு மாசத்துல என்ன ஆயிடப்போகுது? கூலிக்கு ஆள் வச்சுக்கோயேன்.”

“கூலி குடுக்க எனக்கு ஏதுங்க? நீங்கதான் வச்சுக்கலாமுங்க.”

அம்மா அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே ஒரு யோசனையாகத்தான் சொன்னாள். அந்த அம்மாளின் முகம் மாறிப்போயிற்று.

“அப்ப சம்பளம் யார் கட்டறது? அதுவும் உங்க பூண்டுலயா?”

“அது நீங்க எழுதிக் குடுத்ததுங்க,” என்றாள் அம்மா. “நானும் கை நாட்டு வச்சேன்ல. ஆனா கை வெந்து போறதுக்கு நான் நாட்டு வைக்கலீங்க.”

முதலாளி செய்தித்தாளிலிருந்து தலை நிமிர்ந்து சிரித்தார். “சரிம்மா, கூட்டிட்டுப் போ” என்றார். அவ்வளவு எளிதாக முடிந்துவிட்டதே என்று நாங்கள் இரண்டு பேரும் வழியெல்லாம் ஆச்சரியப்பட்டோம். அந்தக் கோடை முழுக்க நான் அம்மாவோடு பூண்டுப் பல் ஊன்றினேன். ஆறு வருடத்தில் நான் ஊரில் கழித்த ஒரே கோடை அது.

ஆறாம் பாரம் தொடங்கியது. அதுதான் கடைசி வருடம். முடிவில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. முதல் தவணைக்குப் பணம் வரவில்லை. தபால் தாமதம் என்று நினைத்தோம். இரண்டாவது தவணைக்கும் வரவில்லை. காலைப் பிரார்த்தனை முடிந்ததும் சம்பளம் பாக்கியுள்ளவர்களின் பெயரை வாசிப்பார்கள். பெயர் வாசிக்கப்பட்டவள், மற்றவர்கள் வகுப்புக்குப் போய் முடிக்கும்வரை அங்கேயே நிற்க வேண்டும். முதலில் ஐந்தாறு பேர் நின்றோம். ஐப்பசி வாக்கில் நான் ஒருத்திதான் நின்றேன். குளிரில் காலுக்குக் கீழே கல்தரை ஜிலீரென்று இருக்கும். சின்ன வகுப்புப் பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவார்கள்.

பெரிய டீச்சர் முதலாளிக்கு எழுதினார். பதில் வந்தது. என்னைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார். இந்தப் பெண்ணிடமும் இவள் தாயிடமும் நன்றியுணர்வு காணப்படவில்லை, ஆகவே யோசித்துவருகிறேன் என்று இருந்தது.

“மன்னிப்புக் கேட்டு ஒரு லெட்டர் எழுது,” என்றார் பெரிய டீச்சர்.

எழுதினேன். இதை மறைக்க விரும்பவில்லை. என் அம்மா படிக்காதவள், தெரியாமல் பேசிவிட்டாள், வரும் கோடையில் தவறாமல் வந்துவிடுகிறேன் என்று என் கையால், பிழையில்லாத இங்கிலீஷில் எழுதினேன். அவர் அதற்குப் பதில்கூடப் போடவில்லை. அம்மாவைப் பழித்து எழுதிய அந்தத் தாள் எங்கோ அவருடைய மேசையில் கிடந்திருக்கும்.

அம்மா எங்கள் பூண்டை வாங்கும் வியாபாரியிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். கடைத்தெருவில் அவருக்குச் சின்னதாக ஒரு மண்டி இருந்தது. எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் அம்மாவைத் தங்கச்சி என்பார். ஒருநாள் மதியம், வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக, அம்மாவோடு பள்ளிக்கு வந்துவிட்டார். என்னையும் அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்கள்.

“அந்தப் பத்திரம் ஒண்ணு குடுங்கம்மா,” என்றார் பாய். “இந்தப் பிள்ளை பரீட்சை எழுதி முடிக்கிற வரைக்கும் நான் கட்டுறேன். ரெண்டு தவணைப் பாக்கியைக் கையில கொண்டாந்திருக்கேன்.”

பெரிய டீச்சர் தயங்கினார். பிறகு பீரோவைத் திறந்து கோப்பு ஒன்றை எடுத்தார். “அப்படி வாங்க முடியாதுங்க. ஒரு பிள்ளைக்கு ரெண்டு உபகாரி இருக்க ரூல் இல்ல. ஏற்கெனவே ஒருத்தர் கையெழுத்துப் போட்டிருக்காரு.”

“அவர்தான் கட்டலையே?”

“கட்டல. ஆனா ரத்து பண்ணி எழுதித் தரலையே. அவர் ரத்து பண்ணாத வரைக்கும் இவ அவரோட பொறுப்புதான்.”

பள்ளியில் ஏழைகள் நிதி என்று ஒன்று இருந்தது. அதிலாவது எனக்குக் கொடுக்கலாமே என்று பாய் கேட்டார். உபகாரி இல்லாத பெண்களுக்குத்தான் அந்த நிதி, இவளுக்கு உபகாரி இருக்கிறார் என்றார் பெரிய டீச்சர்.

“அதோட,” என்று குரலைத் தாழ்த்தினார், “உபகாரின்னா நாலு பேருக்குத் தெரிஞ்ச அந்தஸ்துள்ளவங்களா இருக்கணும்னு கமிட்டி பாக்கும். நீங்க கையெழுத்துத் தமிழ்லதானே போடுவீங்க?”

“தமிழ்ல கையெழுத்துப் போட்டா ரூவா செல்லாதாம்மா?” என்றார் பாய். பெரிய டீச்சர் கோப்பை மூடினார். பாய் பணத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். அவர் காது மடல் சிவந்திருந்தது. எனக்காக ஒரு மனிதர் அந்த அறையில் அவமானப்பட்டதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

யோசித்துப் பாருங்கள். பணம் தராத கையெழுத்து பீரோவுக்குள் செல்லுபடியாக இருந்தது. பணத்தோடு வந்த மனிதர் வெளியே போனார். அந்த முதலாளி எனக்குச் செய்ததாகச் சொல்லும் உபகாரம், மற்றவர் யாரும் எனக்கு எதுவும் செய்யவிடாமல் கதவைச் சாத்திக்கொண்டு நின்றது.

அன்றுதான் கேட்டேன். “டீச்சர், அந்தப் பத்திரத்தை நான் ஒரு தடவை படிக்கலாமா?”

“உனக்கு எதுக்கு அது?”

“என்னைப் பத்தித்தானே டீச்சர் எழுதியிருக்கு?”

ஏனோ கொடுத்தார். பாயிடம் பேசியது அவருக்கும் உள்ளுக்குள் உறுத்தியிருக்கலாம். இங்கிலீஷில் ஒரே பக்கம். அறையைவிட்டு எடுத்துப்போகக் கூடாது என்றதால் நின்றபடியே இரண்டு தடவை படித்தேன். கரும்பலகையைப் பார்த்து எழுதியே வளர்ந்த பெண்ணுக்கு மனப்பாடமாக இரண்டு தடவை போதும்.

தை மாதம் பள்ளி ஆண்டுவிழா. அந்த வருடம் புதிதாக ஒரு மண்டபம் கட்டியிருந்தார்கள். அதற்குப் பெரும்பணம் கொடுத்தவர் அந்த முதலாளிதான். அவர் பெயர் வாசல் கல்லில் வெட்டப்பட்டிருந்தது. திறந்துவைக்க அவரே கீழேயிருந்து வருகிறார் என்றார்கள். மண்டபம் கட்ட இருந்த பணம் என் சம்பளத்துக்கு இல்லாமல் போயிற்று. கல்லில் பெயரை வெட்டலாம், என் மேல் வெட்ட இடமில்லையே.

உபகாரம் பெறும் மாணவிகள் சார்பில் நன்றியுரை சொல்லப் பெரிய டீச்சர் என்னைத் தேர்ந்தெடுத்தார். இங்கிலீஷ் நன்றாக வரும் என்பதற்காக மட்டும் இல்லை. “நல்லாப் பேசு. அவர் மனசு இளகினாலும் இளகும். பரீட்சைப் பணம் கட்ட இன்னும் மூணு நாள்தான் இருக்கு” என்றார். உரையையும் அவரே எழுதிக் கொடுத்தார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். ஆனால் அந்த வழியில் நடந்து நடந்துதான் என் கால் தேய்ந்திருந்தது.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பெரிய மனிதர்கள். நடுவில் பெற்றோர்கள். கடைசியில், சுவரோரம், அம்மாவும் பாயும் நின்றிருந்தார்கள். என் பெயரைக் கூப்பிட்டதும் மேடையேறினேன். டீச்சர் எழுதிக் கொடுத்த உரையின் முதல் வரியைச் சொன்னேன். அடுத்த வரி வாய்க்கு வரவில்லை. வந்தது பத்திரத்தின் முதல் வரி. சரி, இதையே சொல்வோம் என்று தோன்றிவிட்டது. முழுவதையும் இங்கிலீஷில் சொன்னேன். பிறகு, பின்னால் நிற்பவர்களுக்கும் புரியட்டும் என்று தமிழில் சொன்னேன்.

“இந்தப் பெண் ஆறாம் பாரம் முடிக்கும்வரை இவளுடைய பள்ளிச் சம்பளம், விடுதிச் செலவு, புத்தகம், பரீட்சைக் கட்டணம் ஆகிய யாவற்றையும் ஒவ்வொரு தவணையின் முதல் வாரத்திலும் செலுத்துவேன் என்று உறுதி கூறுகிறேன். இதற்கு ஈடாக இந்தப் பெண்ணிடமிருந்தோ இவள் குடும்பத்தாரிடமிருந்தோ எந்த வேலையையும் பொருளையும் எதிர்பார்க்க மாட்டேன்.”

அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டவர் இந்த மேடையில் இருக்கிறார், இரண்டு தவணைப் பணம் இன்னும் வரவில்லை, நான் நான்கு கோடை அவர் வீட்டில் வேலை செய்திருக்கிறேன், பரீட்சைப் பணத்துக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது என்றேன். வணக்கம் சொல்லிவிட்டு இறங்கினேன்.

நான் எதிர்பார்த்தது என்னவென்று சொல்கிறேன். அவர் தலை குனிவார் என்று எதிர்பார்த்தேன். சின்னப் பெண், அப்படித்தான் நினைத்தேன்.

அவர் எழுந்தார். சிரித்துக்கொண்டே மைக்கைப் பிடித்தார். ஆலை அலுவலகத்தில் குமாஸ்தா செய்த கவனக்குறைவு இது, தைரியமாகச் சுட்டிக்காட்டிய பிள்ளையைப் பாராட்டுகிறேன், தான் படிக்க வைத்த பிள்ளை இவ்வளவு நன்றாக இங்கிலீஷ் பேசுவது தனக்குத்தான் பெருமை என்றார். பாக்கியோடு பரீட்சைப் பணத்தையும் இப்போதே தருவதாகச் சொன்னார். மண்டபமே கைதட்டியது. அவருக்காகத் தட்டியது. என்னை மறுபடி மேடைக்குக் கூப்பிட்டு என் தலையில் கை வைத்தார். போட்டோ எடுத்தார்கள். அந்தக் கையின் கனம் இன்றும் என் உச்சந்தலையில் இருக்கிறது. நான்கு கோடை வேலை வாங்கினாரே, அதைப் பற்றி ஒருவர், ஒரே ஒருவர் எழுந்து கேட்கவில்லை.

மறுநாள் பணம் வந்துவிட்டது. பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டார். கண் வீங்கியிருந்தது. கமிட்டியின் முடிவு என்றார். பரீட்சை எழுதலாம், விடுதியில் இருக்கக் கூடாது.

“நான் எங்க டீச்சர் போவேன்?”

“எனக்குத் தெரியலம்மா,” என்றார்.

பாய்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். கடைத்தெருவில் மண்டிக்குப் பின்னால் அவர் வீடு. அவருடைய மனைவியும் இரண்டு மகள்களும் எனக்கு ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தார்கள். அவர்கள் வீட்டில் நான் சாப்பிடுவேனோ மாட்டேனோ என்று முதல் நாள் பாயின் மனைவி தயங்கினார். நான் உட்கார்ந்து சாப்பிட்டதும் அந்தப் பேச்சு முடிந்தது. பரீட்சை முடியும்வரை அங்கேதான் இருந்தேன். அவர்கள் என்னிடம் எதிலும் கையெழுத்து வாங்கவில்லை, எதிலும் போடவும் இல்லை.

நல்ல மார்க்கில் தேறினேன். ஆனால் பள்ளி கொடுத்த சான்றிதழில் நடத்தை என்ற இடத்தில் ‘திருப்தியில்லை’ என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒரு சொல்லால் ஆசிரியப் பயிற்சிக்கு அந்த வருடம் இடம் கிடைக்கவில்லை. ஒரு வருடம் முழுக்க ஊரில் பூண்டும் உருளைக்கிழங்கும் தோண்டினேன். அடுத்த வருடம் மறுபடி மனுப் போட்டேன். நேர்காணலில் இருந்த ஓர் அம்மாள் அந்தச் சொல்லைக் காட்டி, என்ன செய்தாய் என்று கேட்டார். என் நன்றியுரையைச் சொன்னேன். அவர் சிரிக்கவுமில்லை, பாராட்டவுமில்லை. என் பெயருக்கு எதிரே ஏதோ குறித்தார். இடம் கிடைத்தது. அரசாங்கம் உதவிப்பணம் கொடுத்தது. அதற்கு யாருக்கும் கடிதம் எழுத வேண்டியிருக்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில், கீழ்மலைப் பக்கம் பாச்சலூரில் ஆரம்பப் பள்ளி ஆசிரியையாகச் சேர்ந்தேன். முதல் கோடை விடுமுறையில் ஊருக்குப் போனபோது வீடு பூட்டியிருந்தது. அம்மா ஒரு கூடை பிளம்ஸ் பழத்தோடு கொடைக்கானலுக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். அந்தப் பங்களாவுக்கு.

எனக்கு வந்த கோபத்தில் கண் தெரியவில்லை. நன்றாக இருட்டிய பிறகு அவள் வெறும் கையோடு வந்தாள். அவள் உட்காரக்கூட நான் விடவில்லை.

“அவுகளுக்குப் பழம் கொண்டுபோய்க் குடுத்தியா? இன்னும் எத்தன வருசத்துக்கு அவுகளுக்குக் கும்பிடு போடுவ? உனக்கு வெட்கமா இல்லையா?”

அம்மா குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் குடித்தாள். வாயைத் துடைத்தாள்.

“கும்பிடப் போகல. எம்மக டீச்சராயிருச்சு, கெவுருமெண்டு சம்பளம் வாங்குதுன்னு அந்தம்மாகிட்டச் சொல்லிட்டு வரத்தான் போனேன். சும்மா போயி நின்னா உள்ள விடுவாகளா? அதுக்குத்தான் பழம்.”

“சொன்னியா?”

“சொன்னேன். அந்தம்மா மூஞ்சியப் பாக்கணுமே,” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்பா போனதற்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு சோறு வைக்கும்போது கேட்டேன், எத்தனை நேரம் காத்திருந்தாய் என்று. காலையிலிருந்து மத்தியானம் வரை அடுப்படி வாசலில் நின்றாளாம். அந்த அம்மாள் குளித்து, சாப்பிட்டு, படுத்து எழுந்து வரும்வரை. உட்காரச் சொல்லவில்லையாம். அதை அம்மா பெரிதாகவே எடுத்துக்கொள்ளவில்லை. நான் எடுத்துக்கொண்டேன். அன்றைக்குச் சாப்பிட முடியவில்லை.